இந்தியக் கால்பந்தை உயர்த்திய பள்ளி ஆசிரியர் ரஹீம் சாஹிப்

"எந்நேரமும் பந்தும் காலுமாகத் திரிகிறான் அஜ்ரத், இதை வைத்து நாளைக்கு என்ன செய்யப் போகிறான்?" ஒத்தக்கடையில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. மகன் பி.ஏ. வகுப்பில் சேர்ந்துவிட்டானே என்று முகம் வாடுபவர்களும் உண்டு. மதரஸாவில் ஓதிய பிறகு பி.ஏ. படித்தவன் என்பதால் அந்தக் கவலையும் எனக்குப் பழக்கமானதுதான். இரு தரப்பாருக்கும் நான் சொல்வது ஒரே மனிதரைப் பற்றி: ஹைதராபாத் சையத் அப்துர் ரஹீம்.

1909 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் படித்தார். பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். ஆட்டக்காரராக நாடறிந்த பெயர் எடுத்தவர் அல்லர். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட வேலைக்குப் போனார். பிறகு உடற்கல்வியிலும் டிப்ளமோ பெற்று, பள்ளி விளையாட்டுகளைப் பொறுப்பேற்று நடத்தினார். மைதானத்திலும் அவர் கடைசிவரை வாத்தியாராகவே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் நடத்திய இளைஞர் போட்டிகளைப் பாருங்கள். ஒன்றில் பந்தைக் காலிலேயே வைத்து உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். வலது கால் ஆட்டக்காரனுக்கு அன்று இடது கால்தான் துணை. பலவீனமான பாடத்தில் பையனுக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரின் வழிதானே இது?

1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 செப்டம்பரில்தான். அந்த நாட்களின் காயம் ஆறாத ஊரிலிருந்து காவலர்களைக் கொண்ட ஓர் அணி புறப்பட்டு, பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1950இல் டூரண்ட் கோப்பை இறுதியில் கல்கத்தாவின் மோகன் பகானையும் வீழ்த்தியது. இந்திய அணிப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. நம்மவர்களில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அதே பயிற்சியாளரின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய் நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதைத் தாண்டி இன்றுவரை போகவில்லை.

அந்த அணியில் துளசிதாஸ் பலராம் என்ற இளைஞர் இருந்தார். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழை வீட்டுப் பிள்ளை. ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போகக் காசில்லை என்றதும், வாடகை சைக்கிளுக்காகத் தினமும் ஒரு ரூபாய் கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். பலராமே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். திறமை எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிப்போவதும் பயிற்சியாளரின் வேலைதான். நம் ஊர்ச் சங்கங்கள் கோப்பை வாங்கச் செலவழிப்பதில் ஒரு பங்கை இப்படிச் செலவழிக்கலாம்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குப் போனபோது ரஹீமைப் புற்றுநோய் பிடித்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தோடு ஆடியபோது தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தலையோடு அவரைத் தடுப்பில் நிறுத்த முடியாது. வேறொருவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்களத்துக்கு அனுப்பினார்! இளம் வயதில் அவர் முன்கள ஆட்டக்காரர் என்பதை வாத்தியார் மறக்கவில்லை. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றார்கள்; அதிலும் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4 அன்று, அதே தென்கொரியாவோடு. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததை இந்திய நிர்வாகி ஒருவர் கண்டித்திருந்ததால் ஊரே கொதித்துப் போயிருந்தது. அரங்கம் முழுக்க இந்திய வீரர்களுக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் கட்டோடு ஜர்னைல் ஒரு கோல். காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜ் கோல் கம்பத்தைக் காத்தார். பெங்களூர்த் தமிழர் அருமைநாயகமும் அந்த அணியில் இருந்தார். கொரியா ஒன்றுதான் திருப்பியடித்தது, 2-1. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கம் பெற்றது அதுவே கடைசி முறை.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சாஹிப் வஃபாத்தானார். வயது 53. காவல்துறை அணியும் இந்திய அணியும் அதுவரை அவர் பொறுப்பில்தான் இருந்தன.

இன்று பயிற்சியாளராவதற்குத் தனிப் பாதையே இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி, சி, பி, ஏ என உரிமப் படிப்புகள் படிப்படியாக ஏறுகின்றன. ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுத்திருக்க வேண்டியதில்லை. நடுவராகவும் போகலாம். ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீம் விமானப்படையில் பணியாற்றி, 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்று, பின்னர் ஃபிஃபா நடுவரானார். 2017இல் அவருக்குத் தியான்சந்த் விருது கிடைத்தது.