‘தானே கரைந்துவிடும்’ ஃபில்லர் கரைகிறதா?

முகத்தை மேடாக்க ஊசியில் செலுத்தும் ஜெல்லான ஃபில்லர் உள்ளிட்ட, ஆபத்து மிகுந்த சி, டி வகை மருத்துவக் கருவிகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற கெடு 2023 அக்டோபர் 1-ல் வந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோ, பாதரசம் கலந்த கிரீம்களைத் தேடி ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ சோதனைகளை நடத்தியது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, “அப்படியானால் இனி ஃபில்லர் போட்டுக்கொள்ளப் பயமில்லைதானே?” என்று திருவனந்தபுரம் வாசகர்கள் கேட்கிறார்கள். கிரீம் சோதனை வேறு விஷயம். உரிமமோ தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் தரப்படுவது. பத்து ஆண்டு கழித்து உங்கள் கன்னம் எப்படி இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல.

‘ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுவரை இருக்கும், பிறகு கரைந்துவிடும்’ என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. கண்ணாடியில் தெரியும் மேட்டுக்குத்தான் அது பொருந்தும். தோலில் இயல்பாக உள்ள ஹையலூரானிக் அமிலத்தை உடம்பு ஓரிரு நாளில் சிதைத்துவிடும். ஃபில்லரில் உள்ள ஹையலூரானிக் அமிலம் அப்படிச் சிதையாமலிருக்க, பி.டி.டி.இ. என்ற ரசாயனத்தால் அதன் இழைகளைப் பின்னிப் பிணைக்கிறார்கள். அவற்றை உடம்பின் நொதிகளால் எளிதில் அறுக்க முடிவதில்லை. ஊசி போட்டு இரண்டு ஆண்டாவது கடந்த 33 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2024-ல் வெளியானது. அத்தனை பேரின் முகத்திலும் ஜெல் இருந்தது. 15 ஆண்டு பழையதுகூட.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. காய்ச்சலோ பல் சிகிச்சையோ நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிட்டால், அந்தப் பழைய இடம் திடீரென வீங்கும், கட்டி தட்டும். மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிச் சோதனையில், முன்பே ஃபில்லர் போட்டிருந்த ஒருசிலருக்கு முகம் வீங்கியதை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020 டிசம்பரில் குறிப்பிட்டது; அந்த வீக்கம் சிகிச்சையில் சரியானது. ஊசியோடு உள்ளே போன கிருமிகள் ஜெல்லின்மேல் படலம் கட்டி உறங்குவதும் இப்படித் தாமதமாக வரும் வீக்கத்துக்குக் காரணமாகலாம் என்கிறார்கள்.

மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைத் திரட்ட மத்திய அரசு 2015-ல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தேசிய ஒத்துழைப்பு மையப் பொறுப்பு நம் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குத் தரப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாராவது தெரிவித்தால்தான் அதற்குத் தெரியும். பல ஆண்டு கழித்து வரும் கட்டியைப் பார்க்கும் டாக்டர் வேறொருவர்; ஜெல்லின் பெயர் போட்டுக்கொண்டவருக்கே மறந்திருக்கும். ‘பாதிப்பு அரிது’ என்ற பேச்சை நான் அப்படியே ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

கரைக்க முடியுமா? ஹையலூரானிக் வகையை ஹையலூரோனிடேஸ் ஊசியால் கரைக்கலாம்.

சிலிகான்? கரையாது, கட்டியானால் பெரும்பாலும் அறுத்தெடுக்கத்தான் வேண்டும்.

பாலிஅக்ரிலமைடு ஜெல்? சீனா 2006-லேயே தடை செய்துவிட்டது.

பியூட்டி பார்லரில் போடலாமா? கூடாது.

ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஜெல்லின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கிளினிக்கில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீக்கமோ கட்டியோ வந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், டாக்டரிடம் ஃபில்லர் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் தெரிவியுங்கள்.