தானுந்து ஒலியமைப்பின் மின்வழங்கல்

தானுந்து ஒலியமைப்பின் மின்வழங்கல் என்பது, தானுந்தில் பொருத்தப்படும் உயர்திறன் மிகைப்பிகளுக்கு மின்னாற்றல் அளிக்கும் மாறுமின்னாக்கி, மின்கல அடுக்கு, கம்பி, உருகி ஆகியவற்றின் தொகுப்பாகும். வண்டியுடன் வரும் சாதாரண வானொலிப் பெட்டிக்கு 10 அல்லது 15 ஆம்பியர் உருகி போதுமானது. 1000 வாட்டு மிகைப்பியோ நூறு ஆம்பியரை நெருங்கும் மின்னோட்டத்தை ஈர்க்க வல்லது. இந்த அளவில் உருகியைத் தவறாகத் தேர்ந்தால் வண்டி தீப்பற்றக்கூடும்.

தேவைப்படும் மின்னோட்டம்

திறன் என்பது மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் பெருக்கற்பலன். தானுந்தின் மின்னழுத்தம் குறைவு என்பதால் மின்னோட்டம் மிகுதியாகிறது. 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட 'டி' வகுப்பு மிகைப்பி 1000 வாட்டு வெளியிட 1250 வாட்டு ஈர்க்கும், 13.8 வோல்ட்டில் இது ஏறத்தாழ 91 ஆம்பியர். 50 விழுக்காடு பயனுறுதிறன் உள்ள மிகைப்பிக்கு 145 ஆம்பியர் தேவை. இவை உச்ச அளவுகள். இசை ஏறியிறங்குவதால் சராசரி ஈர்ப்பு இவற்றைவிட வெகுவாகக் குறைந்திருக்கும்.

மாறுமின்னாக்கியின் இயல்பு

ஆல்ட்டர்னேட்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் மாறுமின்னாக்கி, பொறியின் சுழற்சியிலிருந்து பட்டை வழியாக இயங்குகிறது. அதில் உண்டாகும் மாறுதிசை மின்னோட்டத்தைச் சிலிக்கன் இருமுனையங்கள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. சென்னை பாடியில் 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ் டிவிஎஸ், இந்தியாவில் இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் ஒன்று.

மாறுமின்னாக்கியின் மேல் குறிக்கப்பட்டிருக்கும் ஆம்பியர் அளவு, அது வேகமாகச் சுழலும்போது தருவதாகும். வண்டி நின்று பொறி மெதுவாக ஓடுகையில் இது ஏறத்தாழ பாதியாகக் குறையலாம். அண்ணா சாலையும் வெங்கட்நாராயணா சாலையும் கூடும் நந்தனம் சந்திப்பில், கோடை இரவொன்றில் சிவப்பு விளக்குக்காக நிற்கும் ஒரு தானுந்தை எடுத்துக்கொள்ளலாம். குளிர்சாதனம், முகப்பு விளக்குகள், பொறியைக் குளிர்விக்கும் விசிறி ஆகியவையே கிடைக்கும் மின்னோட்டத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். சூடேறிய செப்புச் சுருளின் மின்தடை கூடுவதால் உற்பத்தியும் சற்றுக் குறையும்.

தேவை கூடும்போது மாறுமின்னாக்கி தன் எல்லைக்கு மேல் மின்னோட்டம் தருவதில்லை, மின்னழுத்தமே தாழ்கிறது. 14 வோல்ட்டிலிருந்து அது 12.6 வோல்ட்டை நெருங்கியதும் மின்கல அடுக்கு எஞ்சிய மின்னோட்டத்தை வழங்கத் தொடங்கும். தாழ்சுர ஒலிக்கேற்ப முகப்பு விளக்குகள் மங்கி ஒளிர்வதற்கு இதுவே காரணம். 30 ஆம்பியர் பற்றாக்குறை கால் மணிநேரம் நீடித்தால், 35 ஆம்பியர்-மணி மின்கல அடுக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். முழுச்சுமையில் நெடுநேரம் இயங்கும் மாறுமின்னாக்கியின் இருமுனையங்கள் வெப்பத்தால் பழுதடையலாம்.

பெரிய மின்தேக்கி இக்குறையைத் தீர்க்காது. 1 பாரடு மின்தேக்கி, மின்னழுத்தம் 14-இலிருந்து 13 வோல்ட்டுக்கு இறங்கும்போது 13.5 சூல் ஆற்றலையே தரும். மேற்கண்ட 1250 வாட்டு ஈர்ப்புக்கு இது ஏறத்தாழ நூறில் ஒரு நொடி மட்டுமே தாங்கும்.

உருகியின் இயல்பு

உருகி தன்மீது குறித்த அளவை எட்டியவுடன் அறுந்துவிடுவதில்லை. அலகு வடிவத் தானுந்து உருகிகளுக்கான தரத்தின்படி, குறித்த அளவின் 110 விழுக்காட்டை அது குறைந்தது 100 மணிநேரம் தாங்க வேண்டும். 135 விழுக்காட்டில் 0.75 முதல் 600 நொடிகளுக்குள்ளும், 200 விழுக்காட்டில் 0.15 முதல் 5 நொடிகளுக்குள்ளும் அறுபட வேண்டும். எனவே கணநேர இசை உச்சங்கள் சரியான உருகியை அறுப்பதில்லை.

மிகைப்பியின் பொருட்டே முதன்மை உருகி பொருத்தப்படுகிறது என்பது பரவலான தவறான கருத்து. அது காப்பது கம்பியையே. 5 மீட்டர் நீளமும் 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் கொண்ட செப்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 3.4 மில்லியோம், 100 ஆம்பியரில் 34 வாட்டு வெப்பம் அதன் முழு நீளத்திலும் பரவும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் 215 வாட்டு வெப்பம் உண்டாகி, அதன் காப்புறை உருகும். ஆகவே உருகியின் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சக்கூடாது. அறுந்த உருகிக்குப் பதிலாகப் பெரிய உருகியையோ கம்பித் துண்டையோ இடுவது, கம்பியையே உருகியாக்குவதாகும்.

பொருத்தும் இடம்

கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உலோக உடலைத் தொட்டால், மின்கல அடுக்கிலிருந்து பல நூறு ஆம்பியர் பாயும். மின்கல அடுக்குக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால் உருகியை மின்கல அடுக்கின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பொருத்துவது வழக்கம். பின்பெட்டியில் மிகைப்பிக்கு அருகில் மட்டும் வைக்கப்படும் உருகி, முன்னிருந்து வரும் கம்பியைக் காக்காது.

மாறுமின்னாக்கிக்கும் மின்கல அடுக்குக்கும் இடையே கூடுதல் கம்பி இழுத்தால் அதற்கும் உருகி தேவை. அதன் அளவு மாறுமின்னாக்கியின் உச்ச மின்னோட்டத்தைவிடக் கூடுதலாகவும், கம்பியின் எல்லைக்குள்ளும் இருக்க வேண்டும். மின்கல அடுக்கு மின்னேற்றம் பெறும் வேளையில் இவ்விணைப்பு முற்றிலும் துண்டிக்கப்பட்டால், மாறுமின்னாக்கியின் மின்னழுத்தம் கணநேரம் பல மடங்கு உயர்ந்து வண்டியின் மின்னணுக் கருவிகளைப் பழுதாக்கக்கூடும். பொறி ஓடும்போது மின்கல அடுக்கைக் கழற்றக்கூடாது என்பதன் காரணமும் இதுவே.