காலண்டர் ஒளிந்திருக்கிறது, ஜாக்கிரதை!

தஞ்சாவூர்க்காரரிடம் அவருடைய கல்யாணத் தேதியைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். மேட்டூர் அணை திறக்கிற தேதியைக் கேளுங்கள். ‘ஜூன் 12’ என்று பட்டென்று சொல்வார். 1934-ல் கட்டி முடித்த அணை. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். டெல்டாவில் குறுவை, சம்பா, கடன், கல்யாணம் எல்லாமே இதை வைத்துத்தான்.

இந்த விஷயத்தை ஒரு கிழட்டு யுனிக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் வழிந்த கதை இது.

தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். மிஷின் இருந்தது ஏ.ஸி. போட்ட கண்ணாடி அறையில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குள் நுழையணும். வெளியே நாலு டெர்மினல்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மௌஸ் கிடையாது (நிஜ எலி உண்டு).

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். “குறுவைக் கடன் மனுவெல்லாம் ஜூன் ஒண்ணாம் தேதி மேலிடத்துக்குப் போகணும். வருஷா வருஷம் கோட்டை விடறோம். உம்ம மிஷின் ஞாபகப்படுத்தாதாய்யா?”

“பண்ணிடலாம் சார்” என்றேன். எப்படி என்று தெரியாது.

டிஸ்க்கில் இடம் போதாதென்று வேண்டாத புரோகிராம்களை ஏற்றாமல் பீரோவிலேயே விட்டிருந்தார்கள். அந்த ஃப்ளாப்பிக் கட்டைத் தூசி தட்டியதில் இரண்டு சின்னப் புரோகிராம்கள் கிடைத்தன. ஒன்று ‘கால்’, இன்னொன்று ‘காலண்டர்’. மாலையில் கவுண்ட்டர் மூடியதும் ஏற்றினேன்.

‘கால்’ மாதக் காலண்டரை அச்சடித்துக் காட்டும். 95 என்று சுருக்கமாகத் தட்டினால் கி.பி. 95-ஆம் வருஷத்தைக் காட்டும்! 1752 செப்டம்பரைக் கேட்டால் இன்னும் தமாஷ். 1, 2-க்கு அடுத்து 14! மிஷின் கோளாறு இல்லை. அந்த வருஷம் பிரிட்டிஷ்காரர்கள் பழைய காலண்டரை விட்டு கிரிகோரியனுக்கு மாறியபோது 11 நாட்களை வெட்டினார்கள். தஞ்சாவூரில் அப்போது மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் ஆட்சி. நம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. வெள்ளைக்காரனுக்குக் காணாமல் போன 11 நாளும் இங்கே சம்பாப் பயிர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

எனக்குத் தேவை இரண்டாவது புரோகிராம். 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. ‘காலண்டர்’ என்ற பெயரில் ஒரு கோப்பு திறந்து, வரிக்கு ஒரு தேதியும் விஷயமும் எழுதி வைத்தால், இன்றைக்கும் நாளைக்கும் உரிய வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். வெள்ளிக்கிழமையானால் திங்கள் வரைக்கும். ஞாயிறு லீவு என்பது அதற்குத் தெரியும்!

காலையில் லாகின் செய்ததும் அது தானாக ஓட வேண்டுமே? அதற்கு ‘டாட் ப்ரொஃபைல்’ என்ற கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். பெயரில் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அந்தக் கோப்பு சாதாரணப் பட்டியலில் தெரியாது. ஒளிந்திருந்து வேலை செய்யும். கோப்பில் ‘1/6 குறுவை லோன் அனுப்பு’ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜனவரி 5. மார்கழிக் குளிர். வயலில் சம்பா அறுப்புக்குக் காத்திருக்கிறது. மிஷின் சொல்கிறது, ‘குறுவை லோன் அனுப்பு’!

“பழைய மிஷின், குளிர்ல உளறுது” என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் தப்பு.

ஜூன் பிறந்தது. மிஷின் வாயே திறக்கவில்லை. அதை நம்பி நாங்களும் சும்மா இருந்தோம். ஏழாம் தேதி ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். “தம்பி, கடன் பணம் வந்துடுச்சா?”

அப்போதுதான் மேனுவலைப் பிரித்தேன். கொட்டை எழுத்தில் இல்லை, ஆனால் இருந்தது. மாசம் முதலில், நாள் பிறகு. அமெரிக்கப் புரோகிராம், அமெரிக்க வழக்கம். என் 1/6 அதற்கு ஜனவரி 6.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து மனுக்களை அனுப்பினோம். பணம் வருவதற்குள் பெரியவர் விதை நெல்லுக்கு அஞ்சு வட்டிக்கு வெளியே வாங்கிவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கோப்பில் மாசத்தை எழுத்தாலேயே அடித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்தப் புரோகிராம்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. டெபியன் லினக்ஸில் தனியாகக் கேட்டு வாங்கி நிறுவ வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கோப்பில் எழுத முடியாத ஒன்றும் உண்டு. மேட்டூர் 2017-ல் திறந்தது அக்டோபர் 2. 2020-ல் சொன்னபடி ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே. 2024-ல் ஜூலை 28. குடகில் மழை பெய்து, கர்நாடகா விட்டு, அணை நிரம்பணும். எந்த யுனிக்ஸும் இதைக் கணக்குப் போடாது.

அடுத்த வருஷம் பெரியவர் மறுபடி வந்தார். டெர்மினலை எட்டிப் பார்த்தார்.

“இந்தத் தடவை உங்க பெட்டி முழிச்சுக்கிச்சா தம்பி?”

“முழிச்சுக்கிச்சுங்கய்யா. மனு எல்லாம் போயாச்சு.”

“அப்படியே மேட்டூரையும் கொஞ்சம் எழுப்பிவிடச் சொல்லுங்க!”