காது கிளினிக்கில் "நல்லம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்



காது கிளினிக்கிற்குப் போய் வந்தவர்களிடம் "எப்படி இருந்திச்சு?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "நல்லமுங்க ஐயா, டொக்டர் நல்லா பார்த்தாரு." விடியற்காலை எழும்பி, முதல் பஸ் பிடித்து, ஒரு பேரையும் இழந்து, அந்திபட்டுத் திரும்பி வந்தவரும் இதையேதான் சொல்கிறார். கொடுத்த காது மிஷின் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. அப்படியும் "நல்லம்"தான்.

ஏன் இப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். இலவசமாகப் பார்த்த வைத்தியத்தில் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். அடுத்த முறை போகும்போது ஏசுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. பயப்படுபவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியாலும் எதையும் திருத்த முடியாது.

இது நம் தோட்டங்களில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல. "சேவை திருப்தியா?" என்று கேட்டால் வேறு நாடுகளிலும் பெரும்பாலானோர் திருப்தி என்றே சொல்லுகிறார்கள். ஆகவே நோயாளரின் அனுபவத்தை அளப்பவர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். பிடித்ததா என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். குறித்த நேரத்திற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? ஏன் இந்த வைத்தியம் என்று விளங்கும்படி சொன்னார்களா? வீட்டுக்குப் போனபின் கஷ்டம் வந்தால் யாரிடம் கேட்பது என்று சொன்னார்களா? இங்கிலாந்தில் 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிநோயாளர்களிடம் நாடு முழுவதும் இவ்வாறான கேள்விகளைத் தபாலில் அனுப்பிக் கேட்டார்கள். வீட்டில் இருந்து பதில் எழுதும்போது மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்து "நல்லம்" என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

காது கிளினிக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. வருபவருக்குக் காது கேட்காது. ஆனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்! எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், ஓர் ஆஸ்பத்திரியில் தன் பெயரைக் கூப்பிட்டது தெரியாமல் பகல் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மருந்து எடுக்கப் போன மருமகள் திரும்பி வந்து விசாரித்தபோதுதான் விசயம் தெரிந்தது. என்னிடம் அவர் சொன்னது "கூட்டம் ஜாஸ்தி" என்று மட்டுமே. கூட்டத்தைக் குறைக்க ஆஸ்பத்திரியால் உடனே முடியாது. "பெயர் கூப்பிட்டது கேட்கவில்லை" என்று தெரியவந்தால், நம்பரை எழுதிக் காட்டலாம், கிட்ட வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடலாம். காசு செலவில்லாத வேலை.

அடுத்தது, பரிசோதனை. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி அல்லது பொத்தானை அமுக்கச் சொல்லி ஒரு படம் கீறுவார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு பலமாக இருந்தால் உங்களுக்குக் கேட்கும் என்பதை அது காட்டும். ஆனால் ஒரே மாதிரிப் படம் உள்ள இரண்டு பேரின் கஷ்டம் ஒரே மாதிரி இருக்காது. தொழிற்சாலையில் ரோலர் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று காது மந்தமானவர், வீட்டில் பிள்ளைகள் கிட்ட வந்து சத்தமாகப் பேசுவதால் சமாளித்துக்கொள்வார். இன்னொருவர் மரண வீட்டிலும் கோயில் கூட்டத்திலும் மாறிப் பதில் சொல்லி, நாலு பேர் சிரித்ததால் வெட்கப்பட்டு, லயத்தை விட்டு வெளியே போவதையே நிறுத்தியிருப்பார்.

இந்தக் கஷ்டத்தை அளப்பதற்கு அமெரிக்காவில் வென்ட்ரி, வைன்ஸ்டைன் என்ற இருவர் 1982இல் முதியவர்களுக்காக 25 கேள்விகளைத் தயாரித்தார்கள். பிறகு அது 10 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. காது கேளாததால் வீட்டில் சண்டை வருகிறதா, புதியவர்களைச் சந்திக்க வெட்கமாக இருக்கிறதா என்பது போன்ற கேள்விகள். "ஆம்" என்றால் 4 புள்ளி, "சில வேளை" என்றால் 2, "இல்லை" என்றால் 0. மொத்தம் 40க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் காதைச் சரியாகப் பரிசோதிக்க அனுப்புவார்கள். வெட்கத்தை மறைத்து எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்பவருக்கு 0தான் வரும். அவரை யார் அனுப்புவார்கள்?

மிஷின் கிடைத்தவர்களுக்கு வேறொரு தாள் இருக்கிறது. அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட 7 கேள்விகள் கொண்டது. கடந்த இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மிஷினைப் போட்டீர்கள் என்பதே முதல் கேள்வி. நேரான கேள்வி! போடவே இல்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். அதற்குக் காரணம் இருக்கும். காதுக்குள் வைக்கும் அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் மிஷின் விசில் அடிக்கும், காதும் நோகும். பெட்டரி முடிந்திருக்கும். நம் மலைப்பக்கத்து மழையிலும் பனியிலும் ஈரம் பிடித்திருக்கும். இவற்றில் அநேகமானவை கிளினிக்கில் சரிசெய்யக்கூடியவை.

எனக்கு மிகவும் பிடித்தது அவுஸ்திரேலியாவில் 1997இல் வெளியான முறை. அதில் கேள்வியே முன்கூட்டி எழுதப்படவில்லை. எங்கெங்கே நன்றாகக் கேட்க வேண்டும் என்று நோயாளரே ஐந்து இடங்கள் வரை சொல்ல வேண்டும். மிஷின் போட்ட பிறகு அதே இடங்களில் எவ்வளவு முன்னேற்றம் என்று பார்ப்பார்கள். நம் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? மலையில் கங்காணி கூப்பிடுவது, போனில் கொழும்பிலிருந்து மகள் பேசுவது, பின்னால் வரும் லொறியின் ஹோர்ன். கேட்கிற டொக்டருக்கு நம் வாழ்க்கை அப்போதுதான் விளங்கும்.

கூடப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். கேள்வியை அவர் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

மொழியையும் எழுதத் தவறாதீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. மிஷினைச் சுத்தம் செய்யும் விதத்தை விளங்காத பாஷையில் சொன்னதால்தான் அது பெட்டிக்குள் போனது என்றால், அதுவும் நடந்த விசயம்தான். யாரையும் ஏசியதாக ஆகாது.

யாரும் கேட்காவிட்டாலும், அடுத்த முறை போகும்போது கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த நேரம், கூப்பிட்ட நேரம், பஸ் செலவு, என்ன சொன்னார்கள், எது விளங்கவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கொப்பியோடு பெட்டிக்குள் இருக்கும் மிஷினையும் எடுத்துக்கொண்டு போங்கள்.