நமது தீவைச் சுற்றி வளையும் ரொக்கெட்டுகள்: விழக்கூடாத இடத்தைக் கணக்கிடும் பௌதிகவியல்

ஆந்திர மாநிலக் கடற்கரையில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, சுமார் 450 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது யாழ்ப்பாணக் குடாநாடு. பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதியை இந்தியாவின் இஸ்ரோ நிறுவனம் அங்கிருந்து அனுப்புவதானால், ரொக்கெட் தெற்கு நோக்கித்தான் போக வேண்டும். நேராகப் போனால் அதன் பாதை நமது வடக்கின் மேலாக வரும்.

ஆனால் பிஎஸ்எல்வி ரொக்கெட்டுகள் அப்படிப் போவதில்லை. முதலில் தென்கிழக்கே வங்கக் கடலின் மேலாக விலகிச் செல்கின்றன. தீவு ஒதுங்கிய பின்னரே தெற்கே திரும்புகின்றன. மடிந்த வடிவத்தில் இருப்பதால் இந்தப் பாதையை ‘நாய்க்கால்’ என்று பொறியியலாளர்கள் சொல்வார்கள். இந்த வளைவுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை ஏன் கொடுக்கிறார்கள் என்பது நாம் அறிய வேண்டிய விடயம் என்று நினைக்கிறேன்.

உயரம் அல்ல, வேகம்

ரொக்கெட் மேலே போவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடினமானது பக்கவாட்டு வேகம். 600 கிலோமீற்றர் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் 80 வீதத்துக்கும் மேல் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டால் மட்டும் செய்மதி மிதக்காது; கல்லைப் போல விழும்.

விழாமல் இருக்க ஒரு வழி உண்டு. எந்தப் பொருளும் முதல் ஒரு செக்கனில் சுமார் 4.9 மீற்றர் விழுகிறது. பூமி உருண்டை என்பதால், தரைமட்டத்திலிருந்து நேர்கோட்டில் 7.9 கிலோமீற்றர் போனால் நிலம் அதே 4.9 மீற்றர் கீழே வளைந்துவிடுகிறது. ஆகவே செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பொருள் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் நிலத்தை எட்டாது. 600 கிலோமீற்றர் உயரத்தில் இந்த வேகம் சுமார் 7.5 கிலோமீற்றர். செய்மதி என்பது முடிவில்லாமல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு பொருள்தான்.

இந்த வேகத்தை அடையத்தான் இவ்வளவு பெரிய ரொக்கெட். அது வாயுவைக் கீழே தள்ளுகிறது, வாயு அதை மேலே தள்ளுகிறது. உயர்தரத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். சிக்கல் என்னவென்றால், பின்னர் எரிக்கப்போகும் எரிபொருளையும் இப்போதே சுமந்து செல்ல வேண்டும். ரஷ்ய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903 இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: வேகத்தைச் சிறிது கூட்ட விரும்பினாலும் தொடக்கத் திணிவு பன்மடங்காகப் பெருகும். 320 தொன் நிறையுள்ள பிஎஸ்எல்வி 600 கிலோமீற்றர் துருவப் பாதைக்குக் கொண்டுசெல்வது ஏறத்தாழ 1.75 தொன். ஆயிரம் கிலோவுக்கு ஐந்தரைக் கிலோ. மீதி எல்லாம் எரிபொருளும், வழியில் கழற்றி விடப்படும் கட்டங்களும்தான்.

திரும்புவதன் விலை

வேகமாகப் போகும் ஒன்றைத் திருப்ப எஞ்சின் வேறு திசையில் தள்ள வேண்டும். விண்வெளியில் திருப்பத்துக்குச் சாலையின் உராய்வு உதவாது. வேகம் மாறாமல் திசையை மட்டும் 60 பாகை திருப்ப, அந்தப் பொருளின் முழு வேகத்துக்கும் சமமான வேக மாற்றம் தேவை. செக்கனுக்கு 7.5 கிலோமீற்றரில் போகும்போது 10 பாகை திருப்பவே 1.3 கிலோமீற்றர் தேவை. மெதுவாகப் போகும்போது திருப்பினால் மலிவு. ஆனால் மிகச் சீக்கிரம் திருப்பினால் பாதை மீண்டும் நமது தலைக்கு மேலே வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடுகிறார்கள். அதற்குச் செலவாகும் எரிபொருள் அளவுக்குச் செய்மதியின் நிறையைக் குறைக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் மையத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் கணத்தில் எஞ்சின் நின்றுபோனால் ரொக்கெட் எங்கே விழும்? ஒவ்வொரு கணமும் அந்த விழுபுள்ளி வரைபடத்தில் நகர்ந்துகொண்டே போகும். சுற்றுப்பாதை வேகம் வந்ததும் அது மறைந்துவிடும், ஏனென்றால் அதன் பிறகு விழ இடமில்லை. அதுவரை அந்தப் புள்ளி மக்கள் வாழும் நிலத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே பாதை அமைப்பவரின் வேலை. வழி தவறினால் அழித்துவிடும் ஏற்பாடும் உண்டு. 2010 டிசம்பர் 25 இல் கட்டுப்பாட்டை இழந்த ஜிஎஸ்எல்வி ரொக்கெட், ஏவிய ஒரு நிமிடமளவில் கடலின் மேலேயே அழிக்கப்பட்டது.

இந்த அக்கறை இல்லாத இடங்களும் இருந்தன. 1996 பெப்ரவரியில் சீனாவின் உள்நாட்டுப் பகுதியான சீசாங்கிலிருந்து எழுந்த ரொக்கெட் சில செக்கன்களிலேயே சரிந்து, ஏவுதளத்துக்கு அருகே மோதியது. ஆறு பேர் இறந்ததாக அரசு சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிட அதிகம் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

ஒரே கணக்கு, இரண்டு நோக்கங்கள்

வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இந்த விழுபுள்ளிக் கணக்கு புதிதல்ல. செல் குத்தும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் இடையே எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். பல்குழல் பீரங்கியின் உந்துகணையும் சில செக்கன்கள் எரிந்து, பிறகு ஈர்ப்பின் வழியே விழுகிறது. அதற்கும் பிஎஸ்எல்விக்கும் ஒரே நியூட்டன் விதிகள்தான். ஒன்றில், எங்கே விழ வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். மற்றதில், எங்கே விழக்கூடாது என்று கணக்கிடுகிறார்கள். பௌதிகவியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதைத் தீர்மானிப்பது மனிதர்கள்.

1972 ஆம் ஆண்டின் சர்வதேச பொறுப்பு உடன்படிக்கையின்படி, விண்வெளிக்கு அனுப்பிய பொருள் தரையில் விழுந்து சேதம் விளைவித்தால் அனுப்பிய நாடு இழப்பீடு தர வேண்டும். தவறு யாருடையது என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. வானிலிருந்து விழுந்தவற்றுக்காக இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு, இப்படி ஒரு சட்டம் எழுத முடியும் என்பதே பெரிய செய்தி.

இந்தியா இப்போது தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் அமைக்கிறது. 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே திறந்த கடல். நமது தீவு கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. வளைவு தேவையில்லை என்பதால், 500 கிலோ வரை சுமக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ரொக்கெட்டுகளுக்கு அந்த இடம் பொருத்தமானது. ஏவும் நாட்களில் கடலில் விலக்கு வலயம் அறிவிப்பார்கள். அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகும் நமது மீனவர்களுக்கு அந்த அறிவித்தல் தமிழில், உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். அதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.