சிமெண்டு மூட்டை 50 கிலோ, நோயாளி 60 கிலோ!
முதுகு ஒடியும் நர்சுகள்

ஆலங்குளம் என்றதும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 1970-ல் தொடங்கிய அரசு சிமெண்டு ஆலைதான்.

சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. அதை முதுகில் ஏற்றிவிட லோடுமேனுக்கு இன்னொருவர் கை கொடுப்பார். "ஒத்தையாத் தூக்கு" என்றால், "ஆளை விடுங்க சாமி" என்று நகர்ந்துவிடுவார்.

60 கிலோ ஆளை ஒத்தையாகப் புரட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் ஆஸ்பத்திரி நர்சுகள்!

தீக்காய வார்டு

இது பட்டாசு பூமி. 2021 பிப்ரவரி 12-ந்தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடி விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இப்படி விபத்து நடந்தால் காயம் பட்டவர்கள் சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நிலைமை மோசம் என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி.

அசைய முடியாமல் கிடப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். தீக்காயக்காரரைக் கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது, வெந்த தோல் உரிந்துவிடும். தொட்டாலே வலியில் விறைத்துக்கொள்வார். மூட்டை அலறாது, மனுஷன் அலறுவான்! கட்டுப் பிரித்து மருந்து வைக்கிறவரை நர்சம்மா குனிந்தபடியே நிற்க வேண்டும்.

குடம் சொல்லும் பாடம்

தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கினால் பாரம் தெரியாது. அதே குடத்தைக் கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள், இடுப்பு "விண்" என்று தெறிக்கும். கட்டிலின் குறுக்கே குனிந்து நோயாளியை இழுப்பதும் அப்படித்தான். பாரம் உடம்பைவிட்டுத் தள்ளிப் போகப் போக, அத்தனை அழுத்தமும் அடிமுதுகு எலும்பில் இறங்குகிறது.

நோயாளியைக் கையால் தூக்குவதற்கு 35 பவுண்டுதான் எல்லை என்று 2007-ல் அமெரிக்க நிபுணர்கள் கணக்குச் சொன்னார்கள். நம்ம கணக்கில் 16 கிலோ. 60 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 10 கிலோ வரும்!

நாலு கை போதும்

இதற்குப் பெரிய மிஷின்தான் வேண்டும் என்பதில்லை. நோயாளிக்கு அடியில் ஒரு விரிப்பு. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டில் படுத்த படுக்கையான தாய், தகப்பனைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதே வழிதான்.

ஆனால் அந்த இரண்டாவது ஆள் எங்கே? பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. ராத்திரி டூட்டியில் எந்த வார்டுக்காவது போய் எண்ணிப் பாருங்கள்!

கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அதனால் கொஞ்சம் ஆறுதல். அரசு ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.