தரகர் சொல்லும் 'இன்னொரு பார்ட்டி'

"அண்ணாச்சி, இன்னொரு பார்ட்டி 2 லட்சம் கூடத் தர ரெடி. சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் உங்களுக்கே முடித்துத் தருகிறேன்." வீடு தேடும் நம் உறுப்பினர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. மண்டியில் இதே பேச்சுக்கு நாம் அசைவதில்லை. மூட்டைக்கு 5 ரூபாய் கூடினாலும் நாலு கடை விசாரிக்கிறோம். வீடு என்றதும் பதறிவிடுகிறோம்.

எல்லாத் தரகரும் பொய் சொல்வதில்லை. ஆனால் சதவீதத் தரகில் விலை ஏறினால் அவர் பங்கும் ஏறும். அவர் சொல்வதைச் சோதிக்கவும் வழியில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், கைகூடாத விலைக்கேட்புகளின் எழுத்துப் பதிவையும் விற்பவர் தரப்புத் தரகு நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி. இங்கே எல்லாம் வாய்ப்பேச்சு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் தரகர் பதிவைக் கட்டாயமாக்கியது, பதிவு பெற்ற மனைத் திட்டங்களுக்கும் கட்டடத் திட்டங்களுக்கும்தான். பழைய வீட்டுத் தரகுக்கு அல்ல.

ஆகவே, உச்ச விலையை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அதைத் தாண்டாதீர்கள். உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசுங்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல் அட்வான்ஸ் வேண்டாம். பார்ட்டி நிஜமாகவே இருந்து வீடு கைவிட்டுப் போனாலும், நம் முதல் பத்திரமாக இருக்கும்.